விலையும் மதிப்பும்: கல்லூரியில் நிற்பதா, களத்திற்குச் செல்வதா?



கல்லூரியில் பயிலும் ஓர் இளைஞன். வயது இருபது. காற்பந்திலோ கபடியிலோ கைதேர்ந்தவன். பட்டம் பெற இன்னும் ஓராண்டோ ஈராண்டோ உள்ளது. அவ்வேளையில் தொழில்முறைக் குழு ஒன்று, "இன்றே வந்து ஒப்பமிடு, இவ்வளவு தொகை தருகிறோம்" என்று அழைக்கின்றது. அவன் கல்லூரியில் நிற்பதா, குழுவுடன் செல்வதா?

புனே நகரின் கட்கி, பொப்போடி, தேகு ரோடு முதலிய பகுதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் இவ்வினா இந்நாளில் எழுகின்றது. தந்தை "போ" என்பார். தாய் "படித்து முடி" என்பாள். தரகன் "இந்த ஆண்டு விட்டால் மறு ஆண்டு கிட்டாது" என்பான். இளைஞன் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கின்றான்.

இது விளையாட்டுப் பேச்சு. தம்மம் பேசும் ஏட்டில் இதற்கென்ன இடம் என்று சிலர் வினவலாம். பகவன் புத்தர் துறவிகட்கு மட்டும் உபதேசித்தவரல்லர். பொருளீட்டும் இல்லறத்தார்க்கு எங்ஙனம் ஈட்டுவது, எங்ஙனம் காப்பது, எங்ஙனம் செலவிடுவது என்பதையும் விரித்துரைத்தவர். நல்வாழ்க்கைத் தொழில் என்பது எண்வகை மார்க்கத்தின் ஓர் அங்கம். ஆகவே ஓர் ஏழை இளைஞன் தன் உடல் வலிமையை எப்போது, எவ்விதம், எதன் பொருட்டு விலைக்குக் கொடுப்பது என்பது தம்ம விசாரணைக்கு உரியதே என்க.

சந்தையின் இயல்பு

முதலில் உலக நடப்பை அறிந்துகொள்வோம். 2014 ஆம் ஆண்டில் தொழில்முறைக் கபடிப் போட்டி நம் நாட்டில் தொடங்கிற்று. அவ்வாண்டு ஏலத்தில் மிக உயர்ந்த விலை பெற்றவர் இராகேஷ் குமார். தொகை 12 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ஒன்பது ஆண்டுகள் சென்று, 2023 ஏலத்தில் பவன் செராவத்தைத் தெலுங்கு டைட்டன்ஸ் குழு 2 கோடியே 60 இலட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்துக்கொண்டது. அதே ஏலத்தில் நம் நகரின் பெயர் தாங்கிய புனேரி பல்டன், ஈரான் நாட்டு வீரர் முகமது ரெசா ஷாத்லுவிக்கு 2 கோடியே 35 இலட்சம் கொடுத்தது.

காற்பந்திலும் இவ்வாறே. 2014 இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, குழுக்கள் மும்பையில் கூடி இந்திய வீரர்களை முறை வைத்து ஒருவர் பின் ஒருவராகத் தெரிந்தெடுத்தன. மறு ஆண்டு நடந்த ஏலத்தில் புனே நகரக் குழு, மேகாலய வீரர் யூஜின்சன் லிங்டோவை 1 கோடியே 5 இலட்சத்துக்குப் பெற்றது.

இம்முறை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே காற்பந்து என்று பெயர் பெற்றது, பந்தைக் கையில் ஏந்தி ஓடி ஒருவரையொருவர் மோதி வீழ்த்தும் ஒரு முரட்டாட்டம். அதன் வீரர்கள் கல்லூரிகளிலேயே பயிற்சி பெறுகின்றனர். உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்றாண்டுகள் ஆகாதவரைத் தொழில்முறைக் குழுக்கள் எடுத்தல் கூடாது என்பது விதி. முந்தைய ஆண்டில் கடைசியாக நின்ற குழுவுக்கே முதலில் தெரிந்தெடுக்கும் உரிமை. வீரன் தான் செல்லும் குழுவைத் தேர்ந்துகொள்வதில்லை; குழுதான் அவனைத் தேர்ந்துகொள்கிறது. ஆகவே மூன்றாம் ஆண்டு முடிவில், நான்காம் ஆண்டையும் கல்லூரியில் கழிப்பதா, தேர்வுக்குப் பெயர் கொடுப்பதா என்ற வினா ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான இளைஞர்முன் நிற்கின்றது.

இது மனித வாணிகமா?

ஏலம் என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மவர் நெஞ்சு கூசுகின்றது. அது நியாயமே. மாடும் நிலமும் ஏலம் போகும், மனிதன் போவதா? உபாசகன் செய்யலாகாத வாணிகங்கள் ஐந்தென்று பகவன் வகுத்துரைத்தார்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகியவற்றை விற்றல். உயிர்களை விற்றல் என்பதில் மனிதரை விற்றலும் அடங்கும். அங்ஙனமாயின் விளையாட்டு ஏலம் விலக்கப்பட்ட வாணிகமாகாதோ?

நிதானமாக ஆராய்வோம். அடிமையாக விற்கப்பட்டவனிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. அவன் அடிமைத்தனத்துக்குக் காலவரம்பும் இல்லை. அவனுக்குக் கொடுக்கப்பட்ட விலை அவன் கைக்கு வருவதுமில்லை. விளையாட்டு வீரனோ தானே பெயர் கொடுக்கின்றான், காலவரம்பு உண்டு, தொகை அவனுக்கே சேர்கின்றது. ஆகவே இதனை அடிமை வாணிகம் என்றல் மிகை. ஆலையில் நாள்தோறும் எட்டு மணி நேரம் உழைப்பை விற்ற தொழிலாளி எங்ஙனம் அடிமையல்லனோ, அங்ஙனமே இவனும் அல்லன்.

ஆயினும் இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை மெல்லியது. தான் ஒப்பமிட்ட தாளை வீரன் படித்தறியானாயின், அத்தாளின் படி தரகன் பெட்டியிலேயே இருக்குமாயின், காயமுற்ற அன்றே சம்பளம் நிற்குமாயின், வேறு பிழைப்பு ஏதும் அறியாமையால் எத்தகைய நிபந்தனைக்கும் அவன் தலையசைக்க வேண்டியவனாயின், அவன் சம்மதம் பெயரளவிலே சம்மதம். "மாட்டேன்" என்று சொல்ல ஒருவனுக்கு வலிமை உண்டா என்பதே உரைகல். அவ்வலிமை உள்ளவன் தன் உழைப்பை விற்கின்றான். அது இல்லாதவன் தன்னையே விற்கின்றான். கல்வியின் முதற்பயன் அவ்வலிமையைத் தருதலேயாம்.

பாலுவின் நான்கு ரூபாய்

விலை வேறு, மதிப்பு வேறு என்பதற்கு நம் புனே நகரமே ஒரு சரித்திரம் வைத்திருக்கின்றது. பல்வங்கர் பாலு என்னும் பந்துவீச்சாளரை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். தோல் தொழில் செய்யும் குலத்திற் பிறந்து, தீண்டாமைக் கொடுமையை அனுபவித்தவர். 1892 அளவில் இந்நகரில் ஐரோப்பியர் நடத்திய சங்கத்தின் மைதானத்தில் வேலைக்கமர்ந்தார். களத்தைச் செப்பனிடுதலும், வலை கட்டுதலும், வெள்ளையர் பயிற்சி பெறப் பந்து வீசுதலும் அவர் பணி. மாதச் சம்பளம் 4 ரூபாய். ஆயிரக்கணக்கான முறை வீசி வீசியே அவர் இடது கை கலையாயிற்று. மட்டையை அவர் கையில் கொடுத்தவர் அரிது.

இந்து அணியினர் வெள்ளையரை வெல்ல விரும்பியபோது அக்கை வேண்டியதாயிற்று. ஆகவே அவரைச் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டனர். தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் கூடத்திற்கு வெளியே தனிக் குவளை. 1911 இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற அணியில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 114. இத்துணை இருந்தும் இந்து அணியின் தலைவர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1923 இல் அவர் தம்பி விட்டலுக்கே அது கிட்டிற்று.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? திறமையைச் சமூகம் வாங்கும். வாங்கிய பின்னும் மனிதனை வெளியே நிறுத்தி வைக்கும். இன்று கோடி கொடுப்பவரும் கைக்கும் காலுக்குமே கொடுக்கின்றனர். ஏலத்தில் உயர்ந்த விலை பெற்றதனால் தான் உயர்ந்தவன் என்று எண்ணுபவனும், எவரும் கேளாமற்போனதனால் தான் தாழ்ந்தவன் என்று வாடுபவனும் ஒரே மயக்கத்தில் விழுந்தவர்கள். பிறப்பினால் மனிதனுக்கு மதிப்பிடுவதை மறுத்தோம். விலையினால் மதிப்பிடுவதை ஏற்போமாயின், பழைய பலகையை எடுத்துவிட்டுப் புதிய பலகையை மாட்டியவர்களாவோம்.

விலை என்பது சந்தையிலும் உண்மையைச் சொல்வதில்லை. 2023 இல் மிக உயர்ந்த தொகை கொடுத்த தெலுங்கு டைட்டன்ஸ் குழு அப்பருவத்தின் பட்டியலில் கடைசியில் நின்றது. கோப்பையை வென்றது புனேரி பல்டன். 2024 மார்ச்சு 1 இல் ஐதராபாத்தில் அரியானா ஸ்டீலர்ஸ் குழுவை 28க்கு 25 என்ற கணக்கில் வென்றது. அவ்வணியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த அபினேஷ் நடராஜனும் ஆடினார் என்பது நமக்கு மகிழ்ச்சி.

நிலையாமை

அநித்தியம் என்னும் சொல்லை விகாரையில் நாம் பலகால் ஓதுகின்றோம். அதனைக் கண்ணாற் காண விரும்புவோர் புனே காற்பந்தின் வரலாற்றைப் பார்க்கட்டும். 2007 இல் தோன்றிய புனே எஃப்.சி., ஐ-லீக் போட்டியில் 2012-13 பருவத்தில் இரண்டாம் இடம் பெற்றது. இளைஞர் பயிற்சிப் பள்ளிக்கும் பெயர் பெற்றது. 2015 இல் அது போட்டியிலிருந்து விலகிற்று. 2014 இல் தோன்றிய பாரத் எஃப்.சி. ஒரே பருவம் ஆடி மறைந்தது. டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் இரண்டு பருவங்கள் ஐ-லீக்கில் ஆடி 2017 இல் நின்றது. கோடிகளைக் கொடுத்த புனே நகரக் குழுவும் 2019 இல் முடிவுற்று, அதன் இடம் ஐதராபாத்துக்குச் சென்றது. ஐந்தாண்டுகளுக்குள் நான்கு குழுக்கள்! பாலேவாடி அரங்கம் நிற்கின்றது. அவ்வரங்கில் கொடியேற்றியவர்கள் இல்லை.

அக்குழுக்களை நம்பிப் படிப்பை விட்ட இளைஞன் நிலை என்ன? பெயர் பெற்றவனை வேறு ஊர் அழைக்கும். மாற்று வீரனாகப் பலகையில் அமர்ந்திருந்தவனை எவர் அழைப்பர்?

குழு நிலைத்தாலும் உடல் நிலைப்பதில்லை. 2022 இல் தமிழ் தலைவாஸ் குழு பவன் செராவத்தை 2 கோடியே 26 இலட்சத்துக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்கால் காயமுற்றது. அப்பருவம் முழுதும் அவர் ஆடவில்லை. புகழ் மிக்கவராதலின் அவர்க்கு மருத்துவம் கிட்டிற்று. காத்திருக்கக் காலமும் கிட்டிற்று. மறு ஆண்டு முன்னிலும் மிகுந்த விலையோடு மீண்டார். அதே காயம் பெயரறியாத பதினெட்டு வயதினன் ஒருவனுக்கு நேர்ந்திருப்பின், அதனோடு அவன் தொழிலே முடிந்திருக்கவும் கூடும்.

தறியின் முன் நின்று உழைத்தவர் என்ற முறையில் ஒன்று கூறுவோம். அறுந்த இழையை இமைப்பொழுதில் முடியும் விரல்கள் படைத்தவர் எம்மோடு இருந்தனர். மேற்பார்வையாளரும் அவர்களை மெச்சுவர். ஆலைக் கதவு மூடிய மறுநாள் அவ்விரல்களுக்கு விலை சொல்ல ஆளில்லை. எழுத்தறிவும் கணக்கும் கற்றிருந்தவர் வேறு பணி தேடிக்கொண்டனர். ஏனையோர் காவற்பணிக்கும் கைவண்டிக்கும் சென்றனர். 1982 சனவரி 18 இல் தொடங்கிய பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளரில் எண்ணற்றோர் கதையும் இதுவே. உடற்றிறன் ஒன்றையே முதலாகக் கொண்டவன் கதி இத்தகையது.

அப்படியாயின் "நில், படி" என்பதே முடிவான விடை என்று கூறலாமோ? அவசரம் வேண்டா. பட்டம் பெற்றும் வேலையின்றித் தெருவில் நிற்போர் நம்மிடையே பலர் உளர். கல்லூரிச் சான்றும் அநித்தியத்துக்கு விலக்கன்று. அன்றியும் வீட்டில் உலை வைக்க அரிசியில்லாத நிலையில், மூன்றாண்டு கழித்து வரும் நன்மையைப் பேசுவது பசித்தவனுக்குப் பாகசாத்திரம் படித்துக் காட்டுவது போலாம்.

சேதனையே அளவுகோல்

நிற்றல், செல்லல் என்னும் இரண்டையும் விளைவு கொண்டு அளக்க முயன்றால் நாம் தடுமாறுவோம். அமெரிக்க வீரர் இருவர் செய்தி இதனை விளக்கும்.

மாட் லைனார்ட் என்பவர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வீரர். 2005 இல் அவர் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தால் முதலாவதாக எடுக்கப்படுவார் என்று பலரும் எதிர்பார்த்தனர். அவர் கல்லூரியிலேயே இன்னும் ஓராண்டு நின்றார். 2006 தேர்வில் பத்தாமவராகவே எடுக்கப்பட்டார். ஆண்ட்ரு லக் என்பவர் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் கட்டட வடிவமைப்புப் பயின்றவர். 2011 இல் அவரையும் முதலாமவர் என்றே உலகம் கணித்தது. அவரும் நின்று படிப்பை முடித்தார். 2012 தேர்வில் முதலாவதாகவே எடுக்கப்பட்டார்.

இருவரும் நின்றனர். ஒருவருக்கு இடம் தாழ்ந்தது, மற்றவருக்குத் தாழவில்லை. இதைக் கொண்டு முதலாமவர் செய்தது தவறு, இரண்டாமவர் செய்தது சரி எனல் தகுமோ? மறு ஆண்டில் முழங்கால் முறியுமா, குழுக்கள் யாரை விரும்பும் என்பவை நிற்க முடிவு செய்த நாளில் எவர் கையிலும் இல்லை. தன் கையில் இல்லாததைக் கொண்டு ஒருவன் செயலை எடையிடுதல் நீதியன்று.

பகவன் புத்தர் காட்டிய அளவுகோல் வேறு. சேதனையே, அதாவது செயலைத் தூண்டும் மன எண்ணமே, கன்மம் என்று அவர் விளக்கினார். ஆகவே இளைஞன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது: "எவ்வெண்ணம் என்னை நிறுத்துகின்றது? எவ்வெண்ணம் என்னைச் செலுத்துகின்றது?"

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வேட்கை இரு பக்கமும் நின்று பேசும். புகழும் வண்டியும் உயர்ந்த உடையும் வேண்டிச் செல்பவன் வேட்கையாற் செல்கின்றான். மறு ஆண்டு விலை ஏறும் என்று கணக்கிட்டு மட்டுமே நிற்பவனும் வேட்கையாலேயே நிற்கின்றான். அவன் கல்லூரியில் அமர்ந்திருப்பது பதுக்கி வைத்த தானியம் கிடங்கில் கிடப்பது போலாம். மாறாக, தங்கையின் கல்வியும் தந்தையின் மருத்துவமும் கருதிச் செல்பவன் செயலில் கருணை உண்டு. தன் அறிவை வளர்த்து நாளைக்குத் தன் காலில் நிற்க விழைந்து நிற்பவன் செயலில் விவேகம் உண்டு. புறத்தோற்றம் ஒன்றாயினும் அகம் வேறு. அகத்தை அறிபவன் அவன் ஒருவனே. காலாமர்களுக்குப் பகவன் அறிவுறுத்தியதும் இதுதான்: பிறர் சொல்வதனாலோ, ஆன்றோர் வாக்கு என்பதனாலோ ஏற்காமல், நன்மை தீமையைத் தானே ஆராய்ந்து துணிக. தரகன் வாக்குக்கும் இது பொருந்தும். பெற்றோர் வாக்குக்கும் பொருந்தும். நம் வாக்குக்கும் பொருந்தும்.

ஆண்ட்ரு லக் 2019 இல், முப்பது வயது நிரம்புமுன்னரே, தொடர்ந்த காயங்களால் ஆட்டத்தை விட்டார். 2024 இல் அதே ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தின் காற்பந்துத் துறையை நிருவகிக்கும் பதவிக்கு வந்தார். உடல் ஓய்ந்தபோது அவர்க்குத் திரும்பிச் செல்ல ஓர் இடம் இருந்தது. முதலாமவராக எடுக்கப்பட்ட பெருமையினும் இதனையே நாம் கருத்திற் கொள்ளத்தக்கது.

"நில்" என்பவர் கடமை

இனி இக்கட்டுரையின் முக்கியப் பொருளுக்கு வருவோம். ஏழை இளைஞனை நோக்கி "பொறுத்திரு, படித்து முடி" என்று கூறுதல் எளிது. அவ்வுபதேசத்துக்குச் செலவு உண்டு. அச்செலவை யார் ஏற்பது?

போதிசத்துவர் டாக்டர் அம்பேத்கர் வாழ்வை எண்ணிப் பார்ப்போம். 1913 இல் பரோடா மகாராஜா சயாஜிராவ் அளித்த உபகாரச் சம்பளத்தால் அவர் நியூயார்க் சென்றார். பின் இலண்டன் சென்று பயிலுங்கால், அச்சம்பளக் காலம் முடிந்தமையால் 1917 இல் படிப்பை இடையே நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. 1918 இல் பம்பாய் சிடன்காம் கல்லூரியில் பேராசிரியரானார். மாதம் 450 ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தினர் ஒருவர் அத்தகைய பதவியில் அமர்ந்தபின் "இது போதும்" என்று இருந்திருந்தால் யார் குறை கூறியிருப்பர்? 1920 இல் அவர் அப்பதவியைத் துறந்து, விட்ட படிப்பை முடிக்க மீண்டும் இலண்டன் சென்றார். வழக்குரைஞர் தகுதி பெற்றார், 1923 இல் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார்.

இதனை மேடையில் கூறுவோர் ஒரு பாதியை விட்டுவிடுகின்றனர். அச்செலவை அவர் தனித்து ஏற்கவில்லை. கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். நவல் பதேனா என்னும் பார்சி நண்பர் கடன் கொடுத்தார். எல்லாரினும் மேலாக, பம்பாயில் வறுமையைத் தாங்கியவர் ரமாபாய் அம்மையார். ஒருவர் படிப்பில் நிற்பதற்காகப் பலர் தோள் கொடுத்தனர். ஆகவே, நம் பிள்ளைகளை நிற்கச் சொல்லும் உரிமை, தோள் கொடுக்கச் சித்தமாயிருப்பவர்க்கே உண்டு.

அமெரிக்காவிலும் இவ்வுண்மை தாமதமாகவே உணரப்பட்டது. கல்லூரி ஆட்டங்களால் பல்கலைக்கழகங்கள் பெரும் பொருள் ஈட்டின. ஆடிய மாணவர்க்கோ கல்விக் கட்டணமும் உணவும் உறைவிடமுமே. 2021 முதல்தான் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பொருள் பெற அவர்களுக்கு வழி திறந்தது. 2025 இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகளே நேராகப் பங்கு கொடுக்கத் தொடங்கின. கல்லூரியில் நிற்பவன் பட்டினி கிடக்கவேண்டுவதில்லை என்றபின்பே, நிற்றல் என்பது உண்மையான தெரிவாயிற்று.

நம் சங்கங்கள் கோடி கொடுக்க இயலா. ஆயினும் செய்யக்கூடியவை உள. ஒரு மாணவனின் ஓராண்டுக் கட்டணத்தையும் உணவையும் பத்துக் குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளலாம். ஆங்கிலத்தில் அமைந்த ஒப்பந்தத் தாளை ஒரு வழக்குரைஞரிடம் கொண்டுசென்று, வரிக்கு வரி தமிழில் விளக்கச் செய்யலாம். போட்டிகளாற் பாடம் இழந்தவனுக்கு ஞாயிறுதோறும் விகாரையில் பாடம் நடத்தலாம். போதிசத்துவர் 1954 திசம்பர் 25 இல் தேகு ரோட்டில் புத்தர் திருவுருவை நிறுவியது, மலர் தூவி வணங்குதற்கு மட்டுமன்று; அவ்வுருவின்முன் கூடும் மக்கள் ஒருவருக்கொருவர் துணையாதற்கும் அன்றோ!

செல்பவர்க்குச் சில

ஆராய்ந்து, நல்லெண்ணத்துடன், "செல்வேன்" என்று துணிந்த இளைஞனை நாம் நிந்தித்தல் தகாது. மகிழ்ந்து விடைகொடுப்போம். அவனுக்கு நாம் சொல்லத்தக்கவை இவை.

ஒன்று: படிப்பைத் தள்ளிவையாதே, வழியை மாற்றிக்கொள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 முதலும், நாசிக்கிலுள்ள யசுவந்தராவ் சவான் மகாராஷ்டிரத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1989 முதலும், வேலை செய்வோர் பட்டம் பெறுதற்கென்றே நிற்கின்றன. பேருந்திலும் விடுதியிலும் கழியும் வேளை படிப்புக்குப் போதும்.

இரண்டு: வந்த பொருளைப் பகுத்துக்கொள். சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவன் செல்வத்தை நான்கு கூறாக்கும் முறையை உரைத்தார். ஒரு கூறு வாழ்க்கைக்கு. இரு கூறு தொழிலில் இட. நான்காம் கூறு இடர் வருங்கால் உதவச் சேமிப்புக்கு. பத்து இலட்சம் வந்ததாயின், இரண்டரை இலட்சத்தில் குடும்பம் நடத்து. ஐந்து இலட்சத்தை ஆட்டம் ஓய்ந்தபின் உண்ணத்தக்க தொழிலிலோ கல்வியிலோ இடு. இரண்டரை இலட்சத்தைத் தொடாதே. முழங்கால் முறிந்த நாளில் அந்நான்காம் கூறே உன்னைத் தாங்கும்.

மூன்று: நண்பரைத் தெரிந்துகொள். கோலியர் குலத்துத் தீகசானுவுக்குப் பகவன் இம்மை நலத்தின் வழிகளைக் கூறுங்கால், ஊக்கமுடன் ஈட்டல், ஈட்டியதைக் காத்தல், நல்லார் நட்பு, வரவுக்கேற்ற வாழ்வு என நான்கனைக் கூறினார். செல்வம் ஒழுகிப்போகும் ஓட்டைகளாக, காமக் களியாட்டம், குடி, சூது, தீயோர் நட்பு ஆகியவற்றை எண்ணினார். இளம் வயதிற் பெருந்தொகை கண்டவனை முதலில் தேடி வருபவை இந்நான்குமே. அவற்றுள் சூது இன்று கைப்பேசி வழியாகவே வருகின்றது. ஆட்டத்தையே விற்கச் சொல்லி வருவதும் உண்டு. பஞ்சசீலம் ஏற்றவன் அதற்கு இணங்கான்.

நான்கு: களத்தில் எதிரியைப் பகைவனாகக் கருதாதே. வேண்டுமென்றே பிறர் முழங்காலை முறிக்கச் சொல்லும் கட்டளையை எந்தச் சம்பளத்துக்காகவும் ஏலாதே. அவன் காலும் உன் காலைப்போல் ஒரு தாயின் சோற்றுக்கு ஆதாரம்.

முடிவுரை

எனவே நம் விடை இது. கையில் ஒரு வாய்ப்பும் வீட்டில் ஓரளவு உணவும் உள்ள இளைஞன் பட்டம் முடியும்வரை நிற்பது நன்று. ஏனெனில் "மாட்டேன்" என்று சொல்லும் வலிமையைத் தருவது கல்வியே. அவ்வலிமையோடு களம் புகுபவனை எவரும் எளிதில் விலைக்கு வாங்கிவிட முடியாது. வீட்டில் பசி நின்று கதவைத் தட்டுமாயின் அவன் செல்லட்டும். புத்தகத்தையும் உடன் கொண்டு செல்லட்டும். எப்பக்கம் துணிந்தாலும், மறு ஆண்டு விலை ஏறியதென்று இறுமாக்கவோ, இறங்கியதென்று தன்னை இகழவோ வேண்டுவதில்லை. நல்லெண்ணத்தோடு ஆராய்ந்து செய்த செயல், விலை இறங்கினும் நற்செயலே.

பெற்றோரே! பிள்ளையின் காலில் இட்ட முதலுக்கு வட்டி எதிர்பார்ப்பவராக இராதீர்கள். சங்கத்துப் பெரியோரே! "படி" என்று வாயாற் சொல்லுமுன், அவன் கட்டணச் சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதில் ஒரு பங்கை ஏற்க இயலுமாயின், பின் சொல்லுங்கள். உங்கள் சொல்லை அவன் கேட்பான்.

எல்லா உயிர்களும் நலமுற்று வாழ்க!

நமோ புத்தாய! ஜெய் பீம்!